திற, பார், மூடு

தென்றல் நிலையம், நிலவின் தென்முனை
பதிவு: இசக்கியம்மாள், பாறை ஆய்வாளர்

நாள் 60. காலை 07:00

காற்றழுத்தம் சரி. தண்ணீர்த் தொட்டி சரி. என் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 93.

இதைப் படிப்பவர் எனக்குப் பின் இங்கே வருபவர் என்று வைத்துக்கொள்கிறேன். காற்றே இல்லாத இடத்தில் கட்டிய நிலையத்துக்குத் தென்றல் என்று பெயர் வைத்த மனிதரை நீங்கள் எங்காவது பார்த்தால் என் சார்பில் நாலு வார்த்தை கேளுங்கள்.

எனக்கு வயது ஐம்பத்துமூன்று. ஊர் பாளையங்கோட்டை. ஐந்து வருடம் முன்பு முதல் முறை இங்கே வந்தபோது உடை மாற்றும் அறையின் வடிகட்டி பழுதாகி நிலவுத்தூசி உள்ளே நிறைந்தது. தூசி என்பது மரியாதைக்குச் சொல்வது. அது பொடித்த கண்ணாடி. முகமூடி இருந்த பெட்டியின் தாழ்ப்பாள் இறுகிப்போயிருந்தது. திறக்க நாலு நிமிடம் ஆனது. அந்த நாலு நிமிடத்துக்கு விலையாக மூச்சுக்குழாய் சுருங்கும் நோய் வந்தது. தீராது, கட்டுக்குள் வைக்கலாம் என்றார்கள். சுவரில் சிவப்பு எழுத்தில் இருக்கும் விதி அதற்குப் பிறகு வந்ததுதான்: எந்தப் பெட்டியானாலும், எந்தக் கருவியானாலும், திற, பார், மூடு, கையெழுத்திடு. அதை எழுதியவள் நான்.

மருந்து காலை ஆறரைக்கு, தினம் ஒரு முறை, ஒரே நேரத்தில். மூச்சை முழுதும் வெளியே விட வேண்டும், ஆனால் கருவிக்குள் ஊதக்கூடாது. பிறகு உதட்டை இறுக்கிப் பொருத்தி ஒரே நீண்ட இழுப்பு. முடிந்தவரை அடக்க வேண்டும். அப்புறம் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக்கூடாது. கொப்பளிக்காமல் விட்டால் நாக்கில் வெள்ளை படரும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் சேர்த்து இரண்டு கிடையாது. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நிறுத்துவதும் கிடையாது. திடீரென்று மூச்சு முட்டினால் இது உதவாது. அதற்கு நீல இன்ஹேலர் தனியாக இடுப்புப் பையில் இருக்கிறது. ஐந்து வருடப் பழக்கம், தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

இன்றுமுதல் கருவி மாறுகிறது. இதுவரை கேப்சூல் போட்டு இழுக்கும் வகை. போன வாரச் சரக்கில் புது வகை ஒன்று வந்தது. முப்பது நாளுக்கு ஒரே கருவி, அடியில் எண் காட்டும் குட்டிச் சன்னல். திரும்பிப் போகும் கலம் நாள் 90-இல் வருகிறது. முப்பது நாள், முப்பது முறை. உபரி இல்லை.

இதை எப்படிப் பயன்படுத்துவது என்று டாக்டர் நஜ்முன்னிசா பூமியின் தரைநிலையத்திலிருந்து சொன்னார். ஒலிபரப்பு தானாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது.

"இசக்கி மேடம், கேப்சூல் எல்லாம் இனி வேண்டாம். மூடியைக் கீழே தள்ளுங்க, டக்குன்னு ஒரு சத்தம் வரும். இழுங்க. மூடுங்க. அவ்வளவுதான். ஆக்சிஜன் தொண்ணூத்திரண்டுக்குக் கீழ போகாம இருந்தா, எம்பதாம் நாள் உங்களை வெளியே அனுப்ப நான் கையெழுத்துப் போடறேன். இன்னொரு விஷயம் மேடம், இதுதான் ரொம்ப..."

அந்த இடத்தில் நான் துண்டித்துவிட்டேன். பக்கத்து அலைவரிசையில் தரைநிலையத்தாரின் கைதட்டல் கேட்டது. இங்கே என்னோடு இருக்கும் ஒரே ஆளான ஹெப்சிபா தெப்பத்தில் துளைபோட ஆரம்பித்திருந்தாள்.

நாள் 60. இரவுச் சாப்பாட்டுக்கு முன், 19:10

தெப்பம் என்பது நிலையத்திலிருந்து அறுநூறு மீட்டரில் இருக்கும் பள்ளம். வெயிலே படாதது. அதன் அடியில் பனிக்கட்டி இருக்கிறது என்று ஐந்து வருடம் முன்பு வரைபடத்தை வைத்தே கண்டுபிடித்தது நான். பெயர் வைத்ததும் நான். இப்போது அதில் இறங்கித் துளைபோடுபவள் ஹெப்சிபா. முப்பத்துநாலு வயது, நாகர்கோவில், துளைப்பொறியாளர். ஏணியில் நாலு நாலு படியாக ஏறுவாள். ஏறிக்கொண்டே ஜெபப்பாட்டு பாடுவாள். பாடிக்கொண்டே ஏறுமளவுக்கு ஒருத்திக்கு மூச்சு எதற்கு?

எனக்குப் பொறாமை. மழுப்பி எழுத என்ன இருக்கிறது. அவள் வெளியே போகும்போது வானொலிக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்க வேண்டும், அது விதி. என் பள்ளத்தைப் பற்றி அவள் எனக்கே விவரம் சொல்வாள், நான் குறித்துக்கொள்வேன்.

எண்பதாம் நாள் வரட்டும். கடைசி ஆழத்துப் பனித்துண்டை என் கையால் எடுத்தால் போதும். அதற்காகத்தான் இந்த நுரையீரலைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தேன்.

நாள் 62. 20:00

ஆக்சிஜன் 93. எண் காலையில் இழுக்கும் முன் 28. சரி.

இன்று தரையிலிருந்து வந்த செய்தியில் என் தெப்பத்தை "ஹெப்சிபா கிணறு" என்று சொன்னார்கள். விளையாட்டுக்குத்தானாம். அவள் சிரித்தாள், மறுக்கவில்லை. பாதிச் சோற்றை மூடி வைத்தேன்.

நாள் 64. 06:45

எண் 26 இருக்க வேண்டும். 25 இருக்கிறது.

மூன்று முறை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். 25தான். நான் எண்ணுவதில் தப்பு செய்பவள் இல்லை. கருவி இருப்பது பொது மருந்து அலமாரியில். நிலையத்தில் ஆட்கள் இரண்டே பேர்.

நாள் 64. 18:30

ஹெப்சிபா இரண்டு நாளாக இருமுகிறாள். இன்று சாப்பிட்டதும் நெடுநேரம் வாய் கொப்பளித்தாள். நான் கொப்பளிப்பது போலவே. ஊறுகாய் காரம் என்றாள். ஊறுகாய் பாதி அவள்தான் தின்றாள், அது உண்மை.

அவள் குளிக்கப் போனதும் இன்ஹேலரை எடுத்தேன். திறந்தேன். வாய் வைக்கும் இடத்தில் பஞ்சை ஒற்றிப் பார்த்தேன். ஈரம் இல்லை. மூடி வைத்தேன்.

நாள் 65. 06:40

எண் 23. நேற்றுக் காலை இழுத்தபின் 24. இரவில் ஒன்று போயிருக்கிறது.

எண்ணைக் காலையில் ஒரு முறைதான் படிக்கிறேன். தினமும் ஒரே நேரத்தில் எடுத்தால்தான் அது அளவு. கண்டநேரத்தில் எட்டிப்பார்ப்பவர்கள் ஆய்வாளர்கள் இல்லை.

அவள் எடுக்கிறாள். பள்ளத்தில் தூசி போயிருக்கும், நெஞ்சு இறுகியிருக்கும். தரையில் சொன்னால் துளைபோடும் வேலையிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதனால் என் மருந்தைத் தொடுகிறாள். என் பள்ளம் போதவில்லை, என் மூச்சும் வேண்டும்.

மாலையில் மறுபடி திறந்து பஞ்சு ஒற்றினேன். ஈரம் இல்லை. துடைத்துவிட்டு வைக்கிறாள், கெட்டிக்காரி.

நாள் 67. 06:50

எண் 18. ஆக்சிஜன் 93. இனிப் பொது அலமாரி வேண்டாம். என் படுக்கை அறைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். மதியம் ஒரு முறை, மாலை ஒரு முறை சோதிப்பது என்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் திறந்து, பஞ்சு ஒற்றி, மூடி, நேரம் குறித்துக் கையெழுத்திடுகிறேன். விதி விதிதான்.

இன்று அவள் வானொலியில் கேட்டாள். "எக்கா, ஒரு மாரியா இருக்கீளே. நான் எதாவது தப்பா சொல்லிட்டனா?"

வேலையைப் பார் என்றேன்.

நாள் 69. 06:45

எண் 12.

பூட்டு உடையவில்லை. சாவி என் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. ஆனாலும் தினம் மூன்று மூன்றாகக் குறைகிறது. ஒன்று நான் இழுப்பது. மற்ற இரண்டு?

மாற்றுச்சாவி செய்யும் கருவி அவளுடைய பட்டறையில் இருக்கிறது. இதை எழுதுவது எதனால்? கோபத்தினாலா, மருந்து குறைகிறதே என்ற பயத்தினாலா, தெரியவில்லை. அவள் சுவருக்கு அப்பால் தூங்குகிறாள். மூச்சுச் சத்தம் கேட்கிறது. இழுப்பதும் தெரியாமல் விடுவதும் தெரியாமல், குழந்தை மாதிரி. அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது.

நாள் 71. 16:20

எண் காலையில் 6.

பூமி நாளை மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். இந்தத் தென்முனையில் மாதத்தில் பாதி நாள் பூமி தெரியாது. பூமி தெரியாவிட்டால் தரையோடு பேச்சும் கிடையாது. அடுத்துப் பேசுவது நாள் 86-இல்தான். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இன்று மதியம் புகார் அனுப்பினேன். என் மருந்தைச் சக பணியாளர் ஹெப்சிபா தொடர்ந்து திருடுகிறார். எண்கள், நேரங்கள், பூட்டு, எல்லாம் எழுதினேன்.

பொது அலைவரிசையில் பதில் வந்தது. "புகார் பதிவாகிறது. ஹெப்சிபா, நிலவுக்கான உங்கள் அடுத்த பயணம் இப்போதைக்கு நிறுத்தி வைக்கப்படுகிறது. பூமி ஏறியதும் விசாரிப்போம்."

அவள் அப்போது பள்ளத்தில் இருந்தாள். துளைபோடும் பொறியை நிறுத்தினாள். பிறகு, "எக்கா, நான் எடுக்கல்ல. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா," என்றாள்.

திரும்பி வந்தபோது பாடவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

நாள் 73. 06:35

எண் 0.

தள்ளினேன், டக்கென்றது, இழுத்தேன். மாவு போன்ற அந்த லேசான ருசி இல்லை. பதினேழு இருந்திருக்க வேண்டும்.

பூமி இல்லை. கேட்க ஆள் இல்லை.

நாள் 76. 08:00

ஆக்சிஜன் 88. மருந்தில்லாத நாலாவது நாள். நீல இன்ஹேலர் நேற்று ஐந்து முறை. அது அடிக்கடி தேவைப்பட்டால் உடனே சொல்லுங்கள் என்பார் டாக்டர். யாரிடம் சொல்ல?

எண்பதாம் நாள் கனவு போய்விட்டது. வெளியே போக யார் கையெழுத்துப் போடுவார்கள்? இந்த வருத்தத்தைவிட அவள் போவாளே என்பதுதான் அதிகம் வலிக்கிறது.

ஹெப்சிபா கஞ்சி வைத்துக் கதவருகே வைத்துவிட்டுப் போனாள். குடித்தேன். நன்றி சொல்லவில்லை.

நாள் 78. 10:15

ஒலிபரப்பு, தெப்பத்திலிருந்து:

"எக்கா, கேக்குதா? துளைக்கம்பி அடுக்குன தாங்கி சரிஞ்சு எம்மேல விழுந்துட்டு. காலு அடியில மாட்டிக்கிட்டு. உடுப்பு கிழியல்ல. காத்து மூணு மணி நேரத்துக்கு இருக்கு. ஜாக்கி வச்சு தூக்குனா வந்துருவேன். ஆனா ஜாக்கி அங்கதான் இருக்கு."

கொஞ்சம் கழித்து:

"நீங்க வரண்டாம் எக்கா. ஒங்க நெஞ்சு தாங்காது. வேற வழி இருக்கான்னு பாக்கேன்."

வேறு வழி இல்லை. அவளுக்கும் தெரியும்.

நாள் 78. 10:40

ஆக்சிஜன் 86. அறுநூறு மீட்டர். ஜாக்கி இங்கே கனமில்லை, ஆனால் உடுப்புக்குள் ஒவ்வொரு அடியும் ஒரு தண்டால். மருந்து ஒழுங்காக இருந்திருந்தால், 93-இல் நான் போயிருப்பேன். மெதுவாக, ஆனால் போயிருப்பேன்.

எண் 0 ஆன பிறகும் கருவியின் ஓரத்தில் கொஞ்சம் பொடி தங்கியிருக்குமா? டாக்டர் ஏதோ சொல்ல வந்தாரே என்று அறுபதாம் நாள் ஒலிபரப்பைத் தேடி எடுத்தேன். நான் துண்டித்த பின்னும் அவர் பேசியிருக்கிறார். முழுதும் சேமிக்கப்பட்டிருக்கிறது.

"...இதுதான் ரொம்ப முக்கியம். பழைய கருவி மாதிரி இதைச் சும்மா திறந்து பாத்து மூடாதீங்க. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒரு நாள் மருந்து உள்ளே இறங்கிடும். இழுக்காம மூடினீங்கன்னா அது வீணாப் போச்சு, எண்ணும் ஒண்ணு குறைஞ்சிடும். இழுக்கப்போற நேரத்துல மட்டும் திறங்க. உங்க நிலையத்துல எல்லாத்தையும் திறந்து திறந்து பாக்கற பழக்கம் உண்டு, அதான் தனியாச் சொல்றேன். மேடம்? கேக்குதா மேடம்?"

இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை கேட்கத் தைரியம் இல்லை.

நாள் 78. 10:52

அலமாரிச் சோதனை ஏட்டைப் பார்த்தேன். நாள் 63, ஞாயிறு, வாராந்திரச் சோதனை. இன்ஹேலர்: திறந்தேன், பார்த்தேன், மூடினேன். ஹெப்சிபா. நான் எழுதிய விதியை அவள் மதித்திருக்கிறாள். அது ஒன்று.

பிறகு என் ஏட்டைப் பார்த்தேன். பஞ்சு ஒற்றிய நேரங்கள், ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து. அவை பதினாறு.

நான் இழுத்தது பதின்மூன்று. எல்லாம் சேர்ந்து முப்பது. வேறு யாரும் இல்லை. என் மருந்தைத் தின்றது என் வயிற்றெரிச்சல்.

நாள் 78. 11:00

இதைக் கண்டெடுப்பவருக்கு. நான் திரும்பாவிட்டால் இந்த ஒரு பதிவை மட்டுமாவது தரைக்கு அனுப்புங்கள்.

நாள் 71-இல் நான் கொடுத்த புகார் பொய். ஹெப்சிபா என் மருந்தைத் தொட்டது ஒரே ஒரு முறை, அதுவும் கடமைக்காக. அவள் பயணத்தை நிறுத்தாதீர்கள். அவள் நுரையீரல் நல்லது, அதை என்னைவிட நன்றாகக் கவனித்தவர்கள் இல்லை. அவள் இருமியது ஊறுகாய்க்குத்தான் இருக்கும்.

புதுக் கருவி வந்தால் சொல்பவர் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். சுவரில் இருக்கும் சிவப்பு விதியின் கீழே ஒரு வரி சேருங்கள்: இன்ஹேலர் தவிர.

பதினாறு முறையும் திறந்தேன். பார்த்தேன். மூடினேன்.
கையெழுத்து: இசக்கியம்மாள்.

நாள் 78. 11:12

நீல இன்ஹேலர் இரண்டு இழுப்பு. தலைக்கவசம் பூட்டிவிட்டால் உள்ளே எதையும் வாயில் வைக்க முடியாது. இனி எழுத்தில்லை, குரல் பதிவு. நிலையமே எழுத்தாக்கிக்கொள்ளும்.

ஹெப்சிபாவிடம் சொல்லிவிட்டேன். புகாரைப் பற்றி, பஞ்சைப் பற்றி, எல்லாவற்றையும். பதில்:

"எனக்கு ஒங்க மேல கோவம் உண்டு எக்கா. நல்ல கோவம். அத நேர்ல பேசுவோம். இப்பம் வாறதா இருந்தா மூணு அடிக்கு ஒருக்கா நின்னு வாங்க. ஓடண்டாம். பனி எடுத்த குழாய் எல்லாத்துலயும் இசக்கி தெப்பம்னுதான் எழுதியிருக்கேன், அது ஒங்களுக்கு ஒரு சமாதானம்னா."

ஆயிற்று. அவளுடைய மனசைக் கண்டும் எனக்குப் பொறாமை வந்தது. இந்த வியாதிக்கு என்ன மருந்து என்று தெரியவில்லை.

குரல் பதிவு. 11:31

நூற்றெண்பது அடி. நின்றேன். மூச்சை வெளியே விடுவதுதான் கஷ்டம். உள்ளே போனது வர மாட்டேன் என்கிறது. கவசத்துக்குள் எண் 84.

குரல் பதிவு. 11:50

விளக்கு தெரிகிறது. அவள் கையை ஆட்டுகிறாள். பள்ளம்... நான் வரைபடத்தில் பார்த்ததைவிடப் பெரியது. அழகு.

81.

குரல் பதிவு. 12:08

ஜாக்கி வைத்தேன். இரண்டு சுற்று, நின்றேன். இரண்டு சுற்று. கால் வந்துவிட்டது. உடுப்பில் ஓட்டை இல்லை. எலும்பும் சரி என்கிறாள்.

உட்கார்ந்துவிட்டேன். எழும்ப வரவில்லை.

குரல் பதிவு. 12:15

துளைக்கம்பி ஏற்றி வந்த வண்டியில் என்னை ஏற்றுகிறாள். "பேசாதீங்க எக்கா, மூச்ச விடுங்க, மெல்ல விடுங்க." பேசினால்தான் நான் இருக்கிறேன் என்று... பதிவாகும்.

கண்ணுக்கு எண் தெரியவில்லை.

அவள் பாடுகிறாள். எனக்காக இருக்கும். வானொலியில் அவள் மூச்சு, காதுக்குள்ளேயே. இழுக்கிறாள். விடுகிறாள். எவ்வளவு நீளமாக. அட, எவ்வளவு

பொறாமையாக இரு...